நாலு சுவரும் சிவப்பு

தையல்காரி தன் கணவருக்கு மனதுக்குள் வைத்திருந்த பெயர் 'ரசிகர்'. சொந்தமாக எதையும் ரசித்துப் பழக்கமில்லாத மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அண்ணன் சோபா வாங்கினால் இவருக்கும் சோபா பிடிக்கும். அண்ணன் மீன்தொட்டி வைத்தால் இவருக்கும் மீன்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். அந்த அண்ணன் தன் புது வீட்டு ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு அடர் சிவப்பு அடித்தார். ரசிகர் விடுவாரா? அண்ணனுக்கு ஒரு சுவர் என்றால் தம்பிக்கு நாலு சுவரும்!

அவள் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த சமயம் பார்த்து வேலையை முடித்துவிட்டார். திரும்பி வந்தவள் வாசலில் நின்று நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின் பழைய போர்வைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அந்த ஹால்தான் அவள் கடை. துணிக்கு ஏற்ற நூல் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர் வாங்கியதெல்லாம் அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான்.

"எப்படி இருக்கு? அரண்மனை மாதிரி இல்ல?"

"கறிக்கடை மாதிரி இருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? இந்தக் கலர் வீட்டுக்கே ஒரு கம்பீரம் குடுக்கும்னு பெயிண்ட் கார்டுலயே போட்டிருக்கான்."

கம்பீரத்தை டப்பாவில் வாங்கி வருகிறவரிடம் என்ன பேசுவது? அவள் போர்வையை உதறிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

அந்த வாரமே வினை வந்தது. நெடுநாள் வாடிக்கையான டீச்சர், தைக்கக் கொடுத்த வெளிர்பச்சைச் சட்டையை வாங்கி, வாசல் வெயிலில் விரித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஓரமெல்லாம் அழுக்குக் கோடு?"

அவள் எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிற நூல்! உள்ளே வைத்துப் பார்த்தபோது அதுதான் துணியோடு ஒட்டிப்போயிருந்தது. நாலு சுவரும் வீசிய சிவப்பில் பச்சை செத்துச் சாம்பலாகத் தெரிந்திருக்கிறது. பிரித்துத் தைத்துத் தருவதாகச் சொன்னாள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலிலேயே தெரிந்தது, இனி வரமாட்டார்.

ரசிகர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் கண்ணுதான் சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டு."

"சரி, உங்க கண்ணு நல்ல கண்ணுதானே? உங்க ஆபீஸ் சட்டையில பை கிழிஞ்சிருக்கு. நீங்களே நூல் எடுத்துக் குடுங்க."

அதுவும் பச்சைச் சட்டைதான். அவர் நூல் பெட்டியைக் கிளறி, பெரிய நிபுணர் போல ஒரு நூல்கண்டை எடுத்து நீட்டினார். அவளும் மறுபேச்சுப் பேசாமல் அதே நூலில் தைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ரசிகர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை, முகமே சொல்லியது. நேராகப் படுக்கையறைக்குப் போனவர் திகைத்து நின்றார். வெள்ளைச் சுவரோரம், ஜன்னலை ஒட்டி, தையல் மிஷின்.

"என் கட்டில் எங்க?"

"அரண்மனையில."

ரத்தச் சிவப்புக்கு நடுவில் ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. நாலைந்து நாள் கண் சிவக்கப் புரண்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தானே வெள்ளை பெயிண்டும் பிரஷ்ஷுமாக ஏணியில் ஏறினார். ஒரு தடவை அடித்தார், ரோஸ். இன்னொரு தடவை அடித்தார், அப்போதும் ரோஸ். கம்பீரம் அவ்வளவு சுலபத்தில் விட்டுப் போகுமா? ராத்திரிக்குள் சுவர் ஒருவழியாக வெளுத்தது, அவரும் வெளுத்துப்போயிருந்தார்.

"பாரு, பழையபடி வெள்ளை ஆயிடுச்சு," என்றார் படுக்கையறை வாசலில் நின்று, கெஞ்சாத குறையாக. "மிஷினை ஹாலுக்குக் கொண்டுவந்துடலாம்ல?"

அவள் ஊசியில் பச்சை நூலைக் கோத்தாள்.

"வேணாம். அண்ணன் அடுத்து என்ன கலர் அடிப்பாரோ, யாருக்குத் தெரியும்?"