முழுப்பேர் வாங்கிய வேர்கள்

பன்னிரண்டு தேயிலைக் கன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வேர் எடை என்று கணினி சொன்னபோது, முதலில் கணினியைத்தான் திட்டினேன். அடுத்து கேமராவை. வட்டகொடை மலைப் பனியையும் விட்டுவைக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆறு கன்றுகளுக்கு நான் தயாரித்த கழிவுத்தேயிலை உரம் போட்டிருந்தேன். மற்ற ஆறுக்கு ஒன்றுமே போடவில்லை. வேரைக் கழுவி, கறுப்புத் துணியில் பரப்பிப் படம் எடுத்தால், படத்தில் வேர் அடைத்திருக்கும் இடத்தை அளந்து கணினி எடையை மதிப்பிட்டுவிடும். உரம் போட்டதற்கு வேர் கூடுதல் என்று மூன்று மணிக்குள் பேராசிரியருக்குக் காட்டினால் என் ஆராய்ச்சிக்கு இன்னும் ஆறு மாதம் கிடைக்கும். இல்லையென்றால் பிரியந்தியாகிய நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போதே மணி பன்னிரண்டு.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்தாம் கன்றின் வேரில் நாலு துண்டுகள் எதிலும் ஒட்டாமல் கிடந்தன.

கழுவிப் பரப்பியது வேலாயி அத்தை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்து வீடு.

"அத்தை, இது எங்கயிருந்து வந்துச்சு?"

"அந்தக் கொழுத்ததுகிட்டயிருந்து கொஞ்சம் கிள்ளிப் போட்டேன் புள்ள. பாவம், இது நோஞ்சானா இருந்துச்சு. அரைப்பேருதானே விழும்?"

தலையில் கை வைத்துக்கொண்டேன். மலையில் அன்றைய கிலோ சேராவிட்டால் வருகைப் பதிவில் அரைநாள் பேர்தான் விழும். அதனால் கூடை நிறைந்தவர் பக்கத்து நிரைக்காரியின் கூடையில் இரண்டு பிடி அள்ளிப் போடுவது வழக்கம். அத்தை அதையே வேருக்கும் செய்திருக்கிறார்.

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணுக்குச் செஞ்சிட்டு இன்னொண்ணுக்குச் செய்யாம விட்டா நல்லாவா இருக்கும்?"

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். முதுகுவலியோடு மலையேறிய நாளிலும் என் அம்மா முழுப்பேரோடு வீடு வந்தது இந்தக் கையால்தான். வாயை மூடிக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நல்லவேளையாக, இரு வகையிலும் இன்னும் ஆறாறு கன்றுகள் நர்சரியில் மிச்சமிருந்தன. நானே கழுவினேன், நானே பரப்பினேன். உரம் போடாத ஒரு கன்றுக்கு மூன்றே வேர். அத்தையின் கை தானாக நீண்டது.

"அத்தை!"

"நான் என்ன செய்ய? கை சும்மா இருக்க மாட்டேங்குது. கட்டிப் போட்டுரு."

கூடைக் கயிற்றால் பின்னால் கட்டினேன். முடிச்சு லூசாக இருக்கிறது என்று அவரே இன்னொன்று போடச் சொன்னார்.

இரண்டு ஐம்பதுக்கு முடிவு வந்தது. உரம் போட்டதற்கு வேர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! துள்ளிக் குதித்தேன்.

"மத்ததுங்க பாவம்," என்றார் அத்தை.

அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி: முதல் பன்னிரண்டு படங்களைத் தள்ளிய காரணம்? வெளிச்சக் குறைவு, மங்கல், அழுக்கு, மற்றவை. 'மங்கல்' என்று பொய் சொல்ல விரல் போனது, மனம் வரவில்லை. 'மற்றவை'யில் 'இரக்கம்' என்று எழுதினேன். மறுபடி நேராதிருக்க எடுத்த நடவடிக்கை? 'கை கட்டப்பட்டது.'

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பேராசிரியரின் பதில் வந்தது. ஆறு மாதம் தந்தாயிற்று, ஆனால் அந்த நடவடிக்கை விளங்கவில்லை, படம் அனுப்பவும்.

திரும்பிப் பார்த்தேன். அத்தை கட்டிய கையோடு மூக்கைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவுத்து விடு புள்ள, அரிக்குது!"

"ஒரு நிமிசம் அத்தை," என்று கேமராவைத் தூக்கினேன். "இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க."