எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி

மலை ஏறுவதென்றால் ராம்பிரசாத்துக்கு வேப்பங்காயாய்க் கசக்கும். போடிநாயக்கனூரில் கேபிளும் இன்டர்நெட்டும் கொடுக்கிற மொக்கையனிடம் அவனுக்கு ஒன்பது வருட வேலை. ராசிங்காபுரம், பொட்டிபுரம் என்று கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவான். ஏலக்காய்த் தோட்டத்துச் சரிவிலிருந்து "நெட்டு வரல தம்பி" என்று போன் வந்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும். ஜீப்புக்குக் காத்திருந்து, வளைவெல்லாம் சுற்றி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் யாராவது பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள்.

அந்த வாழைப்பழச் சோம்பேறி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ரவுட்டர் என்கிற அந்தப் பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. வைஃபைக்கு ஒன்று, அது வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பெட்டியின் அமைப்பையே மாற்றுவதற்கு இன்னொன்று. அப்படி ஒன்று இருப்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. அந்த இரண்டாவதை, தான் மாட்டிய இருநூற்றுச் சொச்சம் பெட்டிகளுக்கும் ஒன்றாகவே வைத்தான்: போடி123. போதாததற்கு, வெளியிலிருந்தே பெட்டிக்குள் நுழைகிற வசதியையும் திறந்துவிட்டான். ஆபீஸில் டீயைக் குடித்துக்கொண்டே மலைவீட்டுப் பெட்டியைச் சரிசெய்துவிடலாம். இவன் ஆபீஸிலிருந்து நுழைய முடிந்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவனும் நுழையலாம். இது தெரியாத முட்டாள் இல்லை அவன். தெரிந்தேதான் திறந்து வைத்தான்.

சுருளிவேல் ஒருவர்தான் அதைக் கேட்டவர். போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தார். பச்சைக் காயை உலர்த்துகிற, தரம் பிரிக்கிற, மூட்டை அடுக்குகிற அறைகள் அத்தனைக்கும் சாவி அவருடைய இடுப்பில்தான். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் தமிழ்செல்வியின் முகத்தைச் சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பதற்காகத்தான் இணைப்பே வாங்கினார். ராம்பிரசாத் பெட்டியை மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் விசாரித்தார்.

"இந்தப் பூட்டு எங்க வீட்டுக்கு மட்டுந்தானா தம்பி?"

"எல்லாருக்கும் அதேதாண்ணே. தனித்தனியா வச்சா யாரு ஞாபகம் வச்சுக்கிறது?"

"எங்க ஸ்டோருல ரூமுக்கு ஒரு சாவி. ஒண்ணு தொலஞ்சா ஒரு ரூமோட போயிரும். நீ என்னன்னா ஊருக்கே ஒரு சாவியப் போட்டுருக்க. இத மாத்திக் குடுத்துட்டுப் போயேன்."

"யாருண்ணே மலையேறி வந்து ஒங்க பெட்டியத் தொறக்கப் போறா? நேரமாச்சு, கீழ போற ஜீப்ப விட்டுருவேன்" என்று சிரித்துவிட்டு இறங்கினான். சுருளிவேல் அவனுக்கு ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினார்.

திறந்த வீட்டில் நாய் நுழைவதற்கு அதிக நாளாகவில்லை. ஆவணி மாதம், காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு காலையில் போலீஸ் ஜீப்பு தோட்டத்துக்கு வந்தது. எங்கோ ஒரு ஊரில் கல்லூரிப் பெண்ணொருத்தியின் முகத்தை அசிங்கமான படங்களில் ஒட்டி யாரோ இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் அது சுருளிவேல் பெயரில் இருக்கிற இணைப்பிலிருந்து போயிருக்கிறது. கீழே இருந்து வேலைக்கு வந்த நாற்பது பெண்கள் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். இரண்டு நாள் விசாரித்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சாவிக்கொத்து அவரிடம் திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் மொக்கையன், "மாப்ளே, போயி என்னன்னு பாத்துட்டு வா" என்று ராம்பிரசாத்தை அனுப்பினார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் சுருளிவேலின் மனைவி ராக்கு கதவைத் திறந்தாள். அவர் சன்னலோரம் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். ராம்பிரசாத் லேப்டாப்பைத் திறந்து பெட்டிக்குள் நுழைந்து பார்த்தான். யார் யார், எந்த நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்ற பட்டியல் அதில் இருந்தது. முன்பின் அறியாத ஏதோ வெளிநாட்டு எண்களிலிருந்து நாலு தடவை நுழைந்திருந்தார்கள். ஒரு தடவைகூடத் தப்பான பாஸ்வேர்டு போடவில்லை. போடி123. நுழைந்தவன் தன்னுடைய போக்குவரத்தெல்லாம் இந்தப் பெட்டி வழியாகப் போகும்படி வழி வெட்டி வைத்திருந்தான். அவன் செய்ததெல்லாம் சுருளிவேல் செய்ததாகத்தான் வெளியே தெரியும்.

"நான் அதத் தொடவே இல்லையே தம்பி. எப்பிடிப் போச்சு எம் பெட்டிலருந்து?" என்று சன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

பட்டியலைப் போனில் படமெடுத்துக்கொண்டான். "பாத்துச் சொல்றேண்ணே" என்றான்.

மொக்கையனிடம் படத்தைக் காட்டினான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத வெளிய சொன்னா ஒரு பய நம்மகிட்ட லைன் வச்சிருக்க மாட்டான். ஒன்னையும் என்னையும் சேத்து உள்ள வைப்பாக. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. மொதல்ல எல்லாத்தையும் வெரசா மாத்து."

"சுருளிவேலண்ணே பாவம் மாமா."

"அவரத்தான் விட்டுட்டாகள்ல. நாளாவட்டத்துல சரியாப் போகும்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் ஆரம்பமாயிற்று. மறுநாளிலிருந்து ராம்பிரசாத் வீடு வீடாகப் போனான். வெளியிலிருந்து நுழைகிற வழியை அடைத்தான். பெட்டிக்குப் பெட்டி வெவ்வேறு பாஸ்வேர்டு, நீளமாக வைத்தான். அதை ஒரு சீட்டில் எழுதி வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தான். கம்பெனிக்காரன் எப்போதோ அனுப்பி இவன் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த புது மென்பொருளை ஏற்றினான். பட்டனை அமுக்கினால் பாஸ்வேர்டு இல்லாமல் சேர்த்துக்கொள்கிற வசதியை நிறுத்தினான். வைஃபைக்கு வீட்டு நம்பரையும் பிள்ளை பெயரையும் வைத்திருந்தவர்களிடம் கெஞ்சி மாற்ற வைத்தான். அட்டை கடித்த காலோடு மலைச்சரிவு வீடுகளுக்கும் ஏறினான். ஒரு பெட்டிக்குப் பத்து நிமிஷம். சுருளிவேல் கேட்ட அன்றைக்குச் செலவழித்திருக்க வேண்டிய பத்து நிமிஷம்.

நல்ல காரியம் செய்கிறோம் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வது எவ்வளவு சுலபம். எல்லா வீட்டையும் முடித்துவிட்டு அப்புறம் போலீசுக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். சுருளிவேல் இருக்கிற லயத்தைத் தாண்டிப் போகவேண்டி வந்தால் ஜீப்பில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

பட்டியலைப் படமெடுத்த முப்பத்தேழாம் நாள் பொட்டிபுரத்தில் ஜக்கம்மாள் என்கிற பெண்ணின் வீட்டில் பெட்டியைத் திருத்திக்கொண்டிருந்தான். கையில் காப்பியோடு வந்தவள், "நல்லாப் பூட்டிட்டுப் போ தம்பி. மலையில ஒரு நாசமாப் போனவன் பொம்பளப்பிள்ளைக படத்த அசிங்கமாப் போட்டானாம்ல. பேரு சுருளிவேலாம். அவன மாதிரி ஆளுக எங்க வீட்டுக்குள்ள நொழஞ்சிரக் கூடாது" என்றாள்.

அவர் ஒரு தடவைகூடக் கால்வைக்காத ஊர் அது. அந்தப் பெயர் அங்கேயும் வந்து நாறிக்கிடந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ராம்பிரசாத்தால் காப்பியைக் குடிக்க முடியவில்லை. வாசலுக்கு வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் போனிலிருந்த படத்தைக் காட்டி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தப் படம் எடுத்து எத்தனை நாளாச்சு?"

அவன் சொன்னான். அவர் அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே மொக்கையன் அவனை வேலையைவிட்டு நிறுத்தினார்.

போலீஸ் அந்தப் பட்டியலைச் சரிபார்த்து முடிக்கக் கார்த்திகை பிறந்துவிட்டது. சுருளிவேலுக்கும் இந்தக் குற்றத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று முத்திரை குத்திய கடிதம் ஸ்டேஷனுக்கு வந்ததும், "நானே கொண்டுபோய்க் குடுக்குறேன் சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். மறுநாள் விடிவதற்குள் முதல் ஜீப்பைப் பிடித்து மலை ஏறினான். வழியெல்லாம், அவர் காலில் விழுவதா, முதலில் கடிதத்தைக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டே போனான்.

கதவு திறந்துதான் இருந்தது. சன்னலோரம் யாரும் இல்லை. சுவரில் புதிதாக ஒரு போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது.

ராக்கு அடுப்படியிலிருந்து வந்தாள். "எட்டு நாளாச்சு" என்றாள். "நெஞ்சடைப்புன்னு சொன்னாக. கீழ கொண்டு போறதுக்குள்ள வழியிலயே போயிட்டாக."

எட்டு நாள். ராம்பிரசாத் வாய்மூடிக் கிடந்தது முப்பத்தேழு நாள். இந்தக் கணக்கை இனி சாகும்வரைக்கும் அவன் போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். போடி123 என்று வைத்ததை, அவர் மாற்றச் சொன்னதை, போலீஸ் வந்த மூன்றாம் நாளே உண்மையைக் கண்டுபிடித்ததை, பாத்துச் சொல்றேன் என்று பொய் சொன்னதை.

"மக எம் போனுல கூப்பிட்டா குரல்தான் குடுப்பாக" என்றாள் ராக்கு. "மூஞ்சியக் காட்ட மாட்டாக. அந்தப் பெட்டிய அவுகளே பிடுங்கி வச்சிட்டாக. கடைசிவரைக்கும் எம்மக அப்பன் மொகத்தப் பாக்கல."

அவன் கடிதத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாது. எங்கிட்டக் குடுத்து என்ன செய்ய? அன்னைக்கு அவுக ஜீப்புல ஏறுனத யாரு யாரு பாத்தாகளோ அவுகளுக்குப் படி. ஏழரைக்கு வந்திருவாக, வா."

ஸ்டோருக்கு முன்னால் ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சேலைக்கு மேல் சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றிய பெண்கள் தூக்குச்சட்டியோடு இறங்கினார்கள். ராக்கு அவர்களை நிற்கச் சொன்னாள். ராம்பிரசாத் கடிதத்தைப் படித்தான். முடித்துவிட்டு, "தப்பு என்னோடது" என்றும் சொன்னான்.

முன்னால் நின்ற பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குக் காயிதம் எதுக்குத் தம்பி? அண்ணே அப்பிடிப்பட்ட ஆளு இல்லன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். பின்னால் நின்றவர்களும், "ஆமா, தெரியாதா" என்றார்கள்.

ராக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். "மூணு மாசம் அந்தச் சன்னல்லயேதான் உக்காந்திருந்தாக. நீங்க தெனமும் அதத் தாண்டித்தான் காட்டுக்குப் போனீக. ஒருத்தராச்சும் உள்ள வந்து, எங்களுக்குத் தெரியும்ணேன்னு சொல்லிருக்கலாம்ல ஆத்தா."

பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு தலைகுனிந்தபடி சரிவில் இறங்கினார்கள். ராக்கு அவனைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அவன் பக்கம் அவள் பார்வை வரவே இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராம்பிரசாத் நின்றான். அந்தப் பெண்களிடம் இருந்தது வெறும் நம்பிக்கை. அவன் போனில் சாட்சியே இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் முப்பத்தேழு நாளும் மற்றவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான்.