உப்புக்கு முன்னால் ஃபாஹிமாவின் முகம்

கிட்ட வாங்க புள்ளைகளா, பாயை இன்னும் கொஞ்சம் இங்கால இழுங்க. உப்பளத்தில் தொலைந்துபோன ஒரு முகம் திரும்பி வந்த கதையைச் சொல்றேன்.

புத்தளத்து ஃபாஹிமாவுக்கு அடுத்த கிழமை கலியாணம். பெண்கள் இருக்கிற பந்தலுக்குள் ஆம்பிளைப் படக்காரர் வரமாட்டார். அதனால் அந்த வேலை சாச்சி மகள், தங்கச்சி முறையான ஸஃப்னாவின் தலையில் விழுந்தது. அவளிடம் இருந்தது ஒரு பழைய கமராவும் நிறைய ஆசையும்தான்.

ஒத்திகை பார்க்க இருவரும் ஃபாஹிமாவின் வாப்பாவுடைய உப்பளத்துக்குப் போனார்கள். ஃபாஹிமா வெள்ளைச் சல்வார் உடுத்து உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இவ்வளவு வெளிச்சம் ஆகாது என்று நினைத்து, ஸஃப்னா கமராவின் வெளிச்ச அளவை மைனஸ் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

படத்தைப் பார்த்த ஃபாஹிமா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"அடுப்புக்கரி. நான் கறுப்பெண்டு மாப்பிள்ளை வீட்டுப் பொம்புளைகள் சொன்னது சரிதான்."

"இல்ல ராத்தா, வெயில்…"

"வெயில் என்ன செய்யும்? மூஞ்சி என்ட மூஞ்சிதானே. கலியாணத்தண்டைக்குப் பூவப் புடி, எல்லாரும் சுத்தி இருந்து தின்னுற சஹன் சோற்றப் புடி. என்ன மட்டும் புடிக்காத."

ஸஃப்னா கமராவைத் தூக்கிக்கொண்டு, உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற வாடிக்குள் நுழைந்தாள். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. கதிரையில் காலை இடித்துக்கொண்டாள். உப்பைப் பார்த்துச் சுருங்கின கண் விரிய நேரம் எடுத்தது. விரிந்ததும் படத்தை மறுபடி பார்த்தாள். இம்முறை முகத்தை அல்ல, உப்பை.

"ராத்தா, இங்க வாங்க! இந்த மாதிரி உப்பு ஒங்கட வாப்பா எப்பயாவது வித்தாரா?"

ஃபாஹிமா எட்டிப் பார்த்தாள். "சாம்பல் மாதிரி இரிக்கே. இத எந்த ஏவாரி தொடுவான்?"

"உப்புக்கே இந்தக் கதி எண்டா, ஒங்கட மூஞ்சி என்ன செய்யும்?"

ஸஃப்னாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வெள்ளையைக் கண்டால் கமராவும் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. அதற்கு மேலாலே அவளும் வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறாள். உப்புக்கு முன்னால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

ஃபாஹிமாவை மெல்லக் கெஞ்சி மறுபடி உப்புக் குவியலுக்கு முன்னால் நிறுத்தினாள். அளவைப் பிளஸ் பக்கம் கொண்டுபோய், முகம் தெளியும் வரைக்கும் கூட்டினாள். படத்தில் பின்னால் இருந்த உப்புக்கல்லெல்லாம் வெறும் வெள்ளையாய்க் கரைந்துபோனது. போகட்டும் என்று விட்டாள். கன்னத்து மச்சம் வந்தது, சிரிப்பின் ஓரத்துக் குழி வந்தது.

"வெள்ளையாக்கிட்டியாடி?" ஃபாஹிமா சந்தேகமாய்க் கேட்டாள்.

ஸஃப்னா அவளுடைய கையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே நிறம்.

ஃபாஹிமா கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கலியாணச் சாரியும் வெள்ளைதானே?"

"அண்டைக்கும் ஒங்கட முகத்துக்குத்தான் அளவு வைப்பேன். சாரிட பூவேலை கொஞ்சம் போனாப் போகட்டும்."

"சாரி எடுத்துத் தந்த மாப்பிள்ளை வீட்டு மாமிக்கிட்ட அத நீயே சொல்லு!" ஃபாஹிமா சிரித்தாள். சிரித்தபடியே முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். "இன்னொண்டு புடி."

புள்ளைகளா, உங்கட வீட்டிலும் ஒவ்வொரு முகமும் உள்ளபடியே பார்க்கப்படட்டும். அங்கே எரிகிற அடுப்பையும் கேட்கிற சிரிப்பையும் அல்லாஹ் அணையாமல் வைப்பானாக.