எடுத்துக்கொடுத்த பதில்

அண்ணியின் வகுப்பை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு, இந்த அம்மாவுக்குப் பாடம் மறந்துபோய்விட்டதோ என்ற சந்தேகம் வரும். ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு ஜன்னலோரமாகப் போய் நின்றுகொள்வாள். வகுப்பில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மின்விசிறி சுற்றும். கீழே தெருவில் ஏதாவது ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்கும். அண்ணி கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள், தொண்டையைச் செரும மாட்டாள், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பால் பொங்கட்டும் என்று அடுப்பருகே நிற்கிறவள் போல நிற்பாள்.

அவளை அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார்க்காரிக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அவள் ஆய்வுக்காக வந்தவள். வயது வந்த பிறகு புது மொழி படிக்கிறவர்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது, வகுப்பில் அவர்கள் மனம் எப்படி இருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. அண்ணன் வீட்டிலேயே தங்கிக்கொண்டு, அண்ணி வேலை பார்க்கும் பயிற்சி நிலையத்திலேயே, வகுப்பு நடுவில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, கடைசி வரிசையில் இடம் பிடித்திருந்தாள். படிக்க வந்தவர்கள் எல்லாரும் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள். ஆளுக்கொரு தாய்மொழி. ஒருவரோடு ஒருவர் பேச இருந்தது, அரைகுறையாகத் தெரிந்த இந்த ஊர் மொழி மட்டும்தான்.

ஆய்வுக்காரியிடம் ஒரு அட்டவணை இருந்தது. யார் பேசுகிறார், எத்தனை முறை பேசுகிறார் என்று அதில் குறிக்க வேண்டும். யாருமே பேசாத நேரத்துக்கென்று ஒரு கட்டம், அதன் தலைப்பு ‘தேக்கம்’. பேராசிரியர் பார்த்து, தலையசைத்து, கையெழுத்துப் போட்ட அட்டவணை. அண்ணியின் வகுப்பில் அந்தக் கட்டம்தான் முதலில் நிரம்பியது.

ஒரு மாலை, மனம் கேட்காமல் சொல்லியும் விட்டாள்.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உங்க வகுப்புல பாதி நேரம் தேக்கம்தான்.”

“அப்படின்னா?”

“ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம்.”

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை உள்ளே மடக்கி, கழுத்துப்பட்டையை நீவி, அடுக்கின் மேல் வைத்துவிட்டு, “ம்” என்றாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டேனே, அன்னிக்கும் இதே கதைதான். காபி ஆறி ஆடை கட்டிப்போச்சு. சரி, கிளம்பிடலாம்னு எழுந்தே நின்னுட்டேன்.”

“எழுந்து நிக்கல, ஓடப் பார்த்தாரு,” என்றாள் அண்ணி. “டாக்டரம்மா, அதையும் தேக்கத்துல குறிச்சுக்கோ.”

பட்டம் இன்னும் வரவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அவள் டாக்டரம்மாதான். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று அண்ணன் மகன்கூடக் கேலி செய்வான்.

வகுப்பில் ஒரு வெல்டர் இருந்தார். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் வேலை. ஆள் பெரிய ஆள். மேசைக்கடியில் முழங்காலை நுழைக்க முடியாமல் பக்கவாட்டில்தான் உட்காருவார். பென்சிலைச் சுட்டுவிடும் என்பதுபோல நுனியில் பிடிப்பார். வகுப்பு தொடங்கிய நாள் முதல் அவர் ஒரு முழு வாக்கியம் பேசிக் கேட்டவர்கள் கிடையாது. ஆனால் ஒரு நாள் தவறாமல் வந்தார். அண்ணி அவரை ஒருபோதும் நெருக்கியதில்லை. கேள்வி கேட்டுவிட்டு வகுப்பை ஒரு சுற்றுப் பார்ப்பாளே, அந்தப் பார்வை மற்றவர்கள் மேல் நின்ற அளவுக்கு அவர் மேலும் நின்றுவிட்டுப் போகும். ஆய்வுக்காரியின் அட்டவணையில் அவர் பெயருக்கு எதிரே வெள்ளைக் காகிதம்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து அண்ணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியதாயிற்று. மறுநாள் கன்னம் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது.

“அவ பேசாம இருக்கிறது புதுசா என்ன? இப்போ கன்னம் வேற வீங்கியிருக்கு, அவ்வளவுதான்,” என்றான் அண்ணன்.

“இன்னிக்கு வகுப்பை நான் எடுக்கிறேன் அண்ணி. பாடத்தை எல்லாம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?”

அண்ணி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து, மெல்ல, மிக மெல்ல, காற்றை அழுத்துவதுபோலச் செய்தாள். பயப்படாதே என்கிறாள் என்று இவள் எடுத்துக்கொண்டாள்.

வகுப்பு அமர்க்களமாக நடந்தது. ஆய்வுக்காரி பேச்சில் கெட்டிக்காரி. ஒருவர் தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தாள். அவர் முடிப்பதற்குள் அடுத்தவரைத் தூண்டினாள். துப்புரவு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, வகுப்பே ‘ரேடியோ’ என்று பெயர் வைத்த வாயாடி, தன் மேஸ்திரி நடக்கும் நடையை நடந்தே காட்டினாள். தையல்கார அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கணம்கூட ஓசை அடங்கவில்லை. அட்டவணையை மனதுக்குள்ளேயே நிரப்பிக்கொண்டிருந்த அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியாகத் தன் ஆய்வின் கேள்வியையே கேட்டாள். “நீங்கள் ஏன் இந்த மொழியைப் படிக்கிறீர்கள்?”

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரன் ஏமாற்றுகிறான், ஆஸ்பத்திரியில் விவரம் சொல்ல முடியவில்லை, பேருந்தில் சண்டை போட வேண்டும். முறை வெல்டரிடம் வந்தது. அவர் கையை மேசைமேல் வைத்தார். எடுத்தார். வகுப்பு அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் காது சிவப்பதை ஆய்வுக்காரி பார்த்தாள். ஐயோ பாவம் என்று இருந்தது. மனிதரைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தாள்.

“வேலைக்காகத்தானே?” என்று புன்னகையோடு எடுத்துக்கொடுத்தாள்.

அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

“அருமை!” என்றாள் அவள். அன்று முதன்முதலாக அவர் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு ஏறியது: ஊக்கம், வேலை.

மறுநாள் வெல்டர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கன்னம் வடிந்து அண்ணி வகுப்புக்குத் திரும்பியபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. ஒரு வாரம் தொடர்ந்து வராவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவது நிலையத்தின் வழக்கம். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

“போன் பண்ணேன். அவர் குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரம்மா எடுத்தாங்க. அவருக்கு வேலை ஜாஸ்தியாம், இனிமே வரமாட்டாராம்,” என்றாள் அண்ணி.

“ஆய்வுல கலந்துக்கிறவங்க எப்ப வேணாலும் காரணம் சொல்லாம விலகலாம் அண்ணி. அது அவங்க உரிமை. நாம பின்னாடி போய்க் கேக்கக் கூடாது.”

“உன் ஆய்வுல இருந்து விலகலாம். சரி. அவர் விலகினது அதுல இருந்தா?”

கேட்டுவிட்டு அண்ணி பழையபடி பாடக் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினாள். குறை சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

அன்று பிற்பகல் ஆய்வுக்காரி தான் எடுத்த வகுப்பின் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். சிரிப்பு, கலகலப்பு, தன் குரல், மறுபடியும் தன் குரல். அந்தக் கேள்வி வந்தது. வெல்டரின் நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு மூச்சு உள்ளே இழுபடும் ஓசை. பிறகு, தாழ்ந்த குரலில் ஒரு சொல்லின் முதல் அசை. அந்த அசையின் மேலேயே அவளுடைய இனிமையான குரல் ஏறி உட்கார்ந்துகொண்டது: வேலைக்காகத்தானே?

அவர் பேசத் தொடங்கியிருந்தார். அவள் அதைக் கேட்கவே இல்லை.

பதிவை நிறுத்தினாள். பிறகு என்ன தோன்றியதோ, அண்ணியின் பழைய வகுப்பு ஒன்றை எடுத்து, தான் தேக்கம் என்று குறித்திருந்த இடத்தை மட்டும், ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். மின்விசிறி. வண்டிச் சத்தம். அதற்கும் அடியில், கூர்ந்து கேட்டால், உதடுகள். யாரோ ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறார். பிழை என்று பட்டதும் அழித்துவிட்டு மறுபடி சொல்கிறார். தையல்கார அம்மா பக்கத்தில் இருப்பவளிடம் கிசுகிசுப்பாக ஒரு வினைச்சொல் கேட்டு வாங்குகிறாள். ரேடியோகூடக் குரலைத் தணித்து ஒத்திகை பார்க்கிறாள். வாய் திறக்கும்போது மானம் போகாமலிருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் அங்கே உழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த உழைப்புக்கு நேரம் கொடுத்துவிட்டு, அதை நின்று பார்த்து அவர்களைக் கூசச் செய்யவும் கூடாது என்றுதான் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறாள். அந்த மௌனத்தைத் தாங்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்று ஆய்வுக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னால் ஒரு பெருமூச்சு நேரம்கூடத் தாங்க முடியவில்லையே.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனாள். வாசலில் பாதி செய்த கதவுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. சுட்ட இரும்பின் வாடை. வெல்டர் முகக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை.

இருவருக்கும் பொதுவாக இருந்தது அவர் படித்துக்கொண்டிருந்த அந்த மொழி மட்டும்தான். அவள் நிதானமாகச் சொன்னாள். “ஆய்வுக்காக வரவில்லை. அன்றைக்கு உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். பதிலையும் நானே சொல்லிவிட்டேன். அது தப்பு. உங்கள் பதிலைக் கேட்க வந்திருக்கிறேன்.”

அவர் சுத்தியலை எடுத்தார். பற்றவைத்த இடத்தில் படிந்த கசடைத் தட்டினார். கம்பித் தூரிகையால் தேய்த்தார். குனிந்து பார்த்தார். மறுபடி தேய்த்தார். ஆய்வுக்காரியின் நாக்கு நுனியில் சொற்கள் வரிசைகட்டி நின்றன: கோபமா, நேரமில்லையா, அப்புறம் வரட்டுமா. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. போய்விட வேண்டும் போலவும், போனால் இனி எந்த வகுப்புக்குள்ளும் நுழைய முடியாது போலவும் இருந்தது. கதவுச் சட்டங்களின் ஊடாகத் தெரிந்த தெருவின் பக்கம் மெல்லத் திரும்பி நின்றுகொண்டாள்.

“என் மகள்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் திரும்பினாள். ஒன்றும் சொல்லவில்லை.

“மகள் பள்ளிக்கூடம். நான் போறேன். டீச்சர் பேசுறாங்க. டீச்சர் முகம்…” அவர் புருவத்தை நெரித்துக் காட்டினார். “மகள் எனக்குச் சொல்றா: ‘அப்பா, டீச்சர் ரொம்ப சந்தோஷம். நான் நல்லாப் படிக்கிறேன்.’”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்தபடி நீண்ட நேரம் தேடினார்.

“மகள் கெட்ட பொண்ணு இல்ல. அவளுக்குப் பயம். ஏன் பயம்? தெரியாது. டீச்சருக்குத் தெரியும். டீச்சர் சொல்றது… நான் கேக்கணும். என் காதுல. மகள் வாய் வேண்டாம்.” கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அங்க நான் தலை ஆட்டுறேன், மாடு மாதிரி. அன்னிக்கு நீங்க ‘வேலை’ன்னு சொன்னீங்க. தலை ஆட்டினேன். அங்கயும் மாடு. இங்கயும் மாடு.”

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதற்கு மேல் என்ன மன்னிப்பைக் கேட்பது? அவர்தான் மறுபடி பேசினார்.

“அந்தக் கேள்வி. திரும்பக் கேப்பாங்களா?”

“கேட்கச் சொல்கிறேன்.”

அவர் யோசித்தார். முகக்கவசத்தை இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

“அப்போ நாளைக்கு வரேன்,” என்றார்.

வீட்டில் அண்ணி மேசையில் பாடம் தயார் செய்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் பிடித்துக்கொண்டான். “என்ன டாக்டரம்மா, ஆள் வாயைத் திறந்தாரா? என்னதான் அவருக்கு? வேலைதானே?”

அண்ணியும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஆய்வுக்காரிக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல இருந்தது. அந்தப் புருவத்தை நெரித்துக் காட்ட வேண்டும், மாட்டைச் சொல்ல வேண்டும். அவளைவிட அழகாக அதை யார் சொல்லிவிட முடியும்?

“நாளைக்கு வராரு அண்ணி,” என்றாள். “நீங்களே கேளுங்க. அவரே சொல்வாரு.”

“அட, எங்கிட்ட மட்டுமாவது சொல்லேன்!” என்றான் அண்ணன்.

அவள் சொல்லவில்லை. அண்ணி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் பக்கத்து நாற்காலியில் கிடந்த காகிதங்களை எடுத்து இடம் செய்தாள்.