பாண்டிச்செல்வியின் சடையும் உடையப்பனின் பாட்டில்களும்

உடையப்பனுக்குத் தலைமுடி கொட்டிப்போய் வெகுகாலம் ஆகிறது. திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறவர். தனக்கென்று ஒரு சோப்புக்கு மேல் எதுவும் வாங்கத் தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர் வீட்டு அலமாரியில் தலைக்குத் தடவுகிற சாமான்களாக நிறைந்துபோனதற்கு அவர் மனைவி பாண்டிச்செல்வியின் சடைதான் காரணம்.

பின்னிய சடை அல்ல, தானாக விழுந்த சடை. செல்விக்குப் பிறவியிலேயே அடர்ந்த சுருட்டை முடி. போன வருஷம் டைபாய்டு வந்து வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது வியர்வையும் தலையணையும் சேர்ந்து பின்பக்க முடியைக் கம்பளி மாதிரி திரித்துவிட்டன. எழுந்து உட்கார்ந்ததும் உடையப்பன் தேங்காய் எண்ணெயும் சீப்புமாக ஒரு மதியம் முழுக்கப் போராடினார். கடைசியில் பல் உடைந்த சீப்பைப் பார்த்துவிட்டு, எஞ்சினைக்கூடப் பிரித்துவிடலாம், இதைப் பிரிக்க முடியாது என்று எழுந்துகொண்டார்.

கீரனூரிலிருந்து செல்வியின் அண்ணன் போன் செய்து, பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிடச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பேச்சாயி, இது சாமி இறங்கின சடை, கத்திரி படவே கூடாது என்று சூடம் கொளுத்திக் காட்டினாள். செல்வி இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, கட்டியாய்க் கிடந்ததை விரல் தடிமனுக்குப் பிரித்துப் பிரித்துத் தொங்கவிட்டாள். முன்பக்க முடியும் நாளடைவில் அதோடு சேர்ந்துகொண்டது. அவள் அங்கன்வாடி டீச்சர். காலையில் தலைவாரும் வேலை ஒழிந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது. அதைவிட, கண்ணாடியில் பார்த்தபோது தன்னைத் தனக்கே பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உடையப்பன் கவனித்துவிட்டார்.

கவனித்தவர் சும்மா இருப்பாரா? சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்பார்.

“ஆத்தா, பசிக்குது. அடியேனுக்குச் சோத்துக்கு ஏதாவது வெஞ்சனம் இருக்கா?”

“பக்தரு மொதல்ல கால் கழுவிட்டு வரட்டும்” என்பாள் செல்வி.

கேலி ஒருபக்கம் இருக்க, உடையப்பன் வாங்க ஆரம்பித்தார். பேச்சுக்கு மயங்குகிற மனசு அவருக்கு. காந்திகிராமத்தில் ஏறும் ஒரு கல்லூரிப் பெண், சடைக்குத் தேன்மெழுகு தடவினால் கயிறு மாதிரி அழகாக நிற்கும் என்று சொன்னாள். அடுத்த வாரமே மெழுகு டப்பா வீட்டுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் கெட்டியான கிரீம் ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் பட்டு மாதிரி ஆகும் என்றார். பட்டாக வேண்டியது எது, கயிறாக வேண்டியது எது என்று உடையப்பன் யோசிக்கவில்லை. கொடைரோடு ஸ்டேஷனில் சொந்தக்காரரை ரயிலேற்றிவிடப் போனவர் மூலிகை எண்ணெய் ஒன்றோடு திரும்பினார். அட்டையில் ஒரு பெண்ணின் கூந்தல் மலையருவியாகவே விழுந்துகொண்டிருந்தது.

செல்வி எல்லாவற்றையும் தடவினாள். வேண்டாம் என்றால் அவர் முகம் சுருங்கிவிடும். தவிர, புது பாட்டிலைத் திறந்ததும் வருகிற வாசம் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒரு குறை அவள் பக்கமும் உண்டு. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று ஈரத்தோடு அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு ஓடுவாள். சாயங்காலம்தான் அவிழ்ப்பாள். உள்ளே அப்போதும் ஈரம் இருக்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அரிப்பு வந்தது. சடைகள் கனத்தன, தொட்டால் பிசுபிசுத்தன. ஒருநாள் அங்கன்வாடியில் கீர்த்தனா என்ற குட்டிப்பெண் செல்வியின் மடியில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

“டீச்சர், உங்க தலைல நாய்க்குட்டி வச்சிருக்கீகளா?”

“ஏம்மா அப்பிடிக் கேக்குற?”

“நனைஞ்ச நாய்க்குட்டி வாசம் வருது.”

ஆசையாகத்தான் கேட்டாள். நாய்க்குட்டி இருந்தால் அவளுக்குச் சந்தோஷம்தான். செல்விக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் புருஷனைக் கூப்பிட்டுத் தலையை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். அவர் முகர்ந்துவிட்டு, வாசமெல்லாம் ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னார். ஆனால் நாலைந்து நாளாகவே காற்று வரவில்லை என்று தலையணையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டு படுப்பவர் அவர்தான். பேச்சாயிக்கு விஷயம் தெரிந்ததும், ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றாததால் வந்த கோபம் என்றாள். மறுநாள் உடையப்பன் சந்தன வாசனை ஸ்பிரே வாங்கிவந்து தானே அடித்துவிட்டார். அதற்குப்பிறகு நாய்க்குட்டி சந்தனம் பூசிக்கொண்டது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்வி அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு பேகம்பூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த ரஃபியா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். சடைக்கு வைத்தியம் பார்த்துப் பழக்கமில்லை என்று ரஃபியா முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு ஒரு சடையைப் பிடித்து டிஷ்யூ பேப்பரில் வைத்து அழுத்தினாள். மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது.

“இது முடியாடி, மெழுகுவத்தியா?”

செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இரண்டு பேரும் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்கள். தெரியாத பேர்களை ரஃபியா போனில் தேடிப் பார்த்தாள். சடை பராமரிப்பதைப் பற்றி யார் யாரோ போட்டிருந்த வீடியோக்களையும் பார்த்தார்கள். விஷயம் மெல்லப் பிடிபட்டது. மெழுகு தண்ணீரில் கரையாது, சடைக்குள்ளே போனால் அங்கேயே தங்கிவிடும். கிரீமும் எண்ணெயும் அதன்மேல் படிந்து அழுக்கைப் பிடித்துவைக்கும். அவிழ்த்த முடியென்றால் அலசினால் போய்விடும், திரிந்த முடிக்குள்ளிருந்து எங்கே போகும்? போதாததற்கு ஈரக் கொண்டை வேறு.

தலை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்து, கிரீம் கலக்காத சாதா ஷாம்பூவைக் குவளையில் நீர்க்கக் கரைத்து, மண்டையில் ஊற்றித் தேய்த்து, சடை சடையாகப் பிழிந்தார்கள். கழனித் தண்ணீராக வழிந்தது. அலசிவிட்டு மறுபடி ஊற்றினார்கள். பிடரிக்கு மேலே இருந்த ஒரு சடை மட்டும் உள்ளே பூஞ்சை பிடித்துப்போயிருந்தது. அதை ரஃபியா கத்திரியால் எடுத்துவிட்டாள். செல்வி அந்தத் துண்டைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சாயியிடம் இதைச் சொல்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். மிச்சமுள்ள மெழுகு போக இன்னும் பல தடவை அலச வேண்டும், மண்டையில் புண் வந்தால் தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று ரஃபியா எச்சரித்து அனுப்பினாள்.

இனி இதை உடையப்பனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் செல்வியின் கவலை. சாயங்காலம் அவர் கைகூப்பிக்கொண்டு வாசலில் நின்றபோது சிரிப்பு வரவில்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் காப்பியைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் வாங்கியாந்தது பூராம் வீணா?”

“வாங்குனது வீணில்லைங்க. பூசுனதுதான் வீணு.”

“ஒனக்கு நல்லா இருக்கட்டும்னுதான் செல்வி வாங்குனேன்.”

“தெரியாமலா இம்புட்டு நாளாத் தடவுனேன்?”

உடையப்பன் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, அந்த மூலிகை எண்ணெயைத் தன் மண்டைக்காவது தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அருவி விழுந்தாலும் விழும் என்றாள் செல்வி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போதே ஒரு ஏற்பாடும் ஆனது. இனிமேல் தலைக்கென்று எதை வாங்க நினைத்தாலும், முதலில் அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவள் சரி என்றால்தான் வாங்க வேண்டும்.

முதல் மாதம் போட்டோவாக வந்து குவிந்தது. மெழுகு இருந்தது, வேண்டாம் என்றாள். வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தது, வேண்டாம் என்றாள். ஒருநாள் தவறுதலாகப் பஸ்ஸின் பிரேக் ஆயில் டப்பா படமும் வந்தது. அதையும் வேண்டாம் என்றே எழுதினாள். போகப்போகப் போட்டோக்கள் குறைந்தன. அலமாரியில் கடைசியில் ஒரே ஒரு ஷாம்பூ பாட்டில் நின்றது. ஞாயிறு காலையில் தலைக்குக் குளிப்பதும், மொட்டை மாடி வெயிலில் முழுக்கக் காயும்வரை உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு வழக்கமானது. உடையப்பனும் கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அவர் தலைக்குத்தான் வெயில் தாங்காது.

தை மாதத்தில் ஒருநாள் அவர் சின்னாளபட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். போட்டோ எதுவும் அனுப்பியிருக்கவில்லை. செல்வி சந்தேகத்தோடு பிரித்தாள். உள்ளே மெல்லிசான பருத்தித் துண்டு ஒன்று இருந்தது.

“கேக்காம வாங்கிட்டீகளே” என்றாள்.

“பின்னாடி திருப்பிப் பாத்தேன், ஒன்னும் எழுதலை” என்றார் உடையப்பன்.

அந்தத் துண்டு ஈரத்தை நன்றாக உறிஞ்சியது.