மாமியார் ஏறும் வண்டி

சார்லஸுக்கும் அவன் மாமியார் இருசம்மாளுக்கும் சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேச்சு இல்லை, அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஓடிவிட்டது. எதிரிலேயே அவன் உட்கார்ந்திருந்தாலும் மகள் சிந்துஜாவைப் பார்த்து, "அவுங்கள சாப்புடச் சொல்லு" என்பாள். பையன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், அதுவும் மகள் தானாகத் தேடிக்கொண்டவன். அந்தக் கோபத்தை வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றி சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் மாமியார் தெருவைத் தாண்டித்தான் போவான். ஒருநாளும் வண்டியை நிறுத்தத் துணிந்ததில்லை.

இப்போது சிந்துஜாவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு அழைத்துப்போக கார் பேசச் சொன்னாள் இருசம்மாள். "எங்க வண்டி இருக்கும்போது கார் எதுக்கு?" என்று மகள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். எங்க வண்டி என்பது வயதான பிக்கப். மேம்பாலத்தைப் பார்த்தாலே அதற்கு மூச்சு வாங்கும், பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனிலேயே திட்டுவான். மாமியார் முதன்முதலாக ஏறுகிற நாளில் அது மானத்தை வாங்கிவிட்டால், மிச்சமிருக்கிற ஒட்டும் போய்விடும் என்று சார்லஸ் பயந்தான்.

பயந்தவன் சும்மா இருக்கவில்லை. டீசலைப் பீய்ச்சுகிற பழைய இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, அதே இன்ஜினின் அடுத்த மாடலுக்கு வந்த நல்ல செட்டாக வாங்கி மாட்டினான். டர்போவைப் புதுசாக்கினான். மெக்கானிக் ராஜ்கமலைப் பிடித்து, அவன் லேப்டாப்பை வண்டியில் சொருகி, புது இன்ஜெக்டர்களின் எண்களை ஏற்றவைத்தான். பாக்கி இருந்தது ஒன்றுதான். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கிற சென்சார். விரல் நீளம், நடுவில் சின்ன ஜன்னல், அதற்குள் முடி போல மெல்லிசான கம்பி. பெட்டியோடு டிவி பக்கத்தில் கிடந்ததை வளைகாப்பன்று காலையில், விருந்துக் கூச்சலுக்கு நடுவே எடுத்துப்போய் அவசரமாகப் பொருத்தினான். தேவனாம்பட்டினம் வரை ஓட்டிப் பார்த்தான். வண்டி பறந்தது, அவனும்தான்.

சாயங்காலம் கிளம்பினார்கள். நடுவில் சிந்துஜா கை நிறைய வளையலோடு, ஜன்னலோரம் இருசம்மாள். ஆலப்பாக்கம் வரை ஒரு குறையும் இல்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் இழுவை குறைந்தது. முட்லூர் வருவதற்குள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போகிற நிலைமை ஆகிவிட்டது.

"இன்னா ஆச்சுன்னு கேளு" என்றாள் இருசம்மாள், மகளிடம்.

சார்லஸ் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினான். அவனுக்கு அழுகை வராத குறை. இன்ஜெக்டர் ஒயரை ஆட்டிப் பார்த்தான், டர்போ குழாயைத் தடவிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் காற்றுக் குழாயிலிருந்து சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஜன்னலுக்குள் கம்பியெல்லாம் சிவப்பு. மோந்து பார்த்தான். குங்குமம்.

அவன் வீட்டில் குங்குமம் கிடையாது, சிந்துஜா ஸ்டிக்கர் பொட்டுக்காரி. முதல்நாள் தில்லைக் காளியம்மன் கோயில் பொட்டலத்தோடு வந்து இறங்கியவள் ஒருத்திதான். மிக்சியானாலும் சைக்கிளானாலும் புதுசு என்றால் ஒரு சிட்டிகை போடாமல் இருசம்மாள் தொடமாட்டாள். யாரும் பார்க்காத நேரத்தில் பெட்டியைத் திறந்து இதற்கும் போட்டிருக்கிறாள். நின்றுபோன வண்டியின் முன்னால் நின்றுகொண்டு சார்லஸ் சந்தோஷப்பட்டான். தன்னை வேண்டாம் என்று நினைக்கிறவள் தன் வண்டி நல்லபடி ஓட வேண்டும் என்று எதற்கு வேண்டிக்கொள்ளப் போகிறாள்?

டூல்ஸ் பெட்டியிலிருந்த ஸ்பிரேயை அடித்து, வழிந்ததைத் துணியில் ஒற்றியெடுத்தான். காயவிட்டு மாட்டி, மஞ்சள் விளக்கு அணைவதற்காக பேட்டரி ஒயரை ஒருதடவை கழற்றித் திரும்பப் பொருத்தி, சாவியைத் திருப்பினான். சத்தம் கணீரென்று வந்தது.

"இன்னாங்க கோளாறு?" என்று சிந்துஜா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ரோட்டுத் தூசி" என்றபடி பானெட்டை மூடப் போனான்.

எப்போது இறங்கினாளோ, இருசம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் கையிலிருந்த துணியின் சிவப்பைப் பார்த்தாள். அவன் சட்டென்று அதைப் பின்னால் மறைத்தான். அவள் மகள் பக்கம் திரும்பவில்லை.

"தூசி இல்ல மாப்ள. நாந்தான் போட்டேன்."

அவன் துணியை முன்னால் கொண்டுவந்தான். "அதனால இன்னா அத்த, துடைச்சிட்டேன். வண்டி நல்லாப் போவும்."

"இவ்ளோ கெடுதல் பண்ணும்னு தெரியாது மாப்ள" என்றாள் இருசம்மாள், முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "உங்க நெத்தியில வெக்க முடியாது. அதான் வண்டிக்கு வெச்சேன்."