மஞ்சள் கரு யாருக்குப் போயிற்று

1

இந்தக் கதை எனக்குத் தபாலில் வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தி. நகரில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவியாசிரியனாக இருக்கிறேன். வெளிநாட்டு மருத்துவச் செய்திகள் எங்களுக்குக் கட்டுக்கட்டாக வரும். அதில் ஒன்றைப் பொறுக்கி, தமிழில் பத்து வரியாகச் சுருக்கி, பக்கத்தில் இடம் மிஞ்சும் மூலையில் போட்டு அடைப்பது என் வேலை. துணுக்கு என்போம். பெயர் போடமாட்டோம். பதினேழு வருடமாக எழுதுகிறேன்.

போன மாதம், அதாவது 1999 ஜூனில், வந்த கட்டில் ஒரு செய்தி. ஆரோக்கியமாக இருப்பவர்கள் தினம் ஒரு முட்டை சாப்பிட்டால் அதனால் மாரடைப்பு கூடுவதாகத் தெரியவில்லையாம். பல்லாயிரம் பேரை வருடக்கணக்கில் கவனித்துச் சொல்கிறார்கள். படித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டைக்குப் போய் அழுகிறானே இந்த ஆள் என்று தோன்றுகிறதல்லவா? அதற்குத்தான் கதை.

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

"அடையாற்றங்கரையில் இளவெயில் ஏறும் வேளையில் ரத்னா முட்டைகளை ஒவ்வொன்றாக..."

சே. அவள் முட்டை வேகவைத்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"முட்டையைப் பற்றி மனிதகுலம் இன்னும் ஒரு முடிவுக்கு வராத நிலையில்..."

இது தலையங்கம். எங்கள் ஆசிரியர் சிதம்பரநாதனுக்குப் பிடிக்கும். எனக்குக் கொட்டாவி வருகிறது.

மூன்றாவதை உங்களுக்குக் காட்டப் போவதில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜோடனை செய்யத் தெம்பில்லை.

2

1993. மயிலாப்பூரில் எங்கள் வீடு. என் மனைவி கோமளத்துக்குக் கால் வீங்கியது, பிறகு முகம். சிறுநீரில் புரதம் போகிறது என்றார் டாக்டர். மாத்திரைகளோடு தினம் நாலு முட்டையின் வெள்ளைக்கருவைச் சாப்பிடச் சொன்னார். வெள்ளை மட்டும். கோமளம் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்னா, நம்மாத்து அடுப்புல அது வேகப்படாது. நான் செத்தாலும் சரி."

வழி கண்டுபிடித்தவள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ரத்னா.

"இன்னா மாமி, இதுக்குப் போயி அழுவுறியே. நான் எங்க வூட்ல அவிச்சு, உரிச்சு, வெள்ளைய மட்டும் எட்தாறேன். நீ கண்ண மூடிக்கினு முழுங்கு."

அப்படியே நடந்தது. காலையில் கோட்டூர்புரத்திலிருந்து வரும்போது ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவருவாள். டப்பா சமையலறைக்குள் நுழையாது. கோமளம் கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லருகில் நின்றபடியே மிளகுப்பொடி தூவி விழுங்கிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவாள். "மருந்து வந்தாச்சா?" என்றுதான் கேட்பாள். எட்டு மாதமும் முட்டை என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை.

முதல் நாளே ரத்னா கேட்டாள்: "மஞ்சள இன்னா பண்றது மாமி?"

"எனக்கு அந்தக் கண்றாவியெல்லாம் கண்ணுல காட்டாதே. உங்காத்துலயே யாராவது சாப்பிடுங்கோ. வீணாப் போகப்படாது."

நான் கூடத்தில் உட்கார்ந்து அச்சுக்குப் போக வேண்டிய துணுக்கு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். முட்டையின் மஞ்சள் கரு இதயக் குழாய்களை அடைக்கும், நாற்பதைத் தாண்டியவர்கள் தொடாமலிருப்பதே நல்லது என்பது செய்தி. தலைப்பு நான் வைத்தது: "மஞ்சளுக்குள் எமன்".

[வாசகர் இங்கே உதட்டைப் பிதுக்குவார். இவ்வளவு பொருத்தமாக எங்கேயாவது நடக்குமா என்பார். வேண்டுமானால் அதே வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது அதே காலையில்.]

நான் வாயைத் திறக்கவில்லை. மறந்துபோயிற்று என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. பாவம், அவர்களுக்குச் சத்துதானே என்று நினைத்தேன். கொடுத்த புண்ணியம் வேறு என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரே மஞ்சள் கரு மயிலாப்பூரில் விஷமாகவும் கோட்டூர்புரத்தில் போஷாக்காகவும் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

3

இப்போது கோதண்டபாணி. ரத்னாவின் கணவர். வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் லைட்மேன். நாலு மஞ்சளில் மூன்று அவருக்கு, ஒன்று மகள் கயலுக்கு. ரத்னாவுக்குக் கிடையாது. "வெயிட்டு தூக்கறவரு சார், அவருக்குத்தான் வேணும்" என்று அவளே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

1994 தை மாதம், படப்பிடிப்புத் தளத்தில் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறியவர், பாதியில் இறங்கி வந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாற்பத்துநாலு வயது.

"கோதண்டபாணி நாளைக்கு இரண்டு கட்டு பீடி..."

இப்படி எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அவர் பீடி பிடித்ததே இல்லை.

"சம்பள நாளில் மட்டும் கொஞ்சம்..."

இதுவும் பொய். கதாசிரியனுக்கு என்ன வசதி பாருங்கள். இறந்துபோனவர் கையில் ஒரு பீடியைச் செருகினால் நான் தப்பித்துக்கொள்ளலாம். யாரும் கேட்கவும் போவதில்லை. ஆனால் அந்த மனுஷருக்கு மூன்று மஞ்சள் கருவைத் தின்னவிட்டதே போதும், பீடி வேறு வேண்டாம்.

காரியத்தன்று நானும் போயிருந்தேன். ரத்னாவின் நாத்தனார் எல்லோர் எதிரிலும் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "மஞ்சளுக்குள்ள எமன் கீறான்னு புக்குலயே போட்டுக்கீது! அதைப் போட்டுப் போட்டு என் தம்பிய முழுங்கிட்டியேடி பாவி!"

என் தலைப்பு அவள் வாயில். ரத்னா குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதை எழுதியது நான் என்று நான் சொல்லவில்லை. அடுத்த மாதமே அவள் எங்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டு அடையாறில் ஒரு அடுக்குமாடிக்குக் கூட்டிப் பெருக்கப் போய்விட்டாள்.

(கோமளம் குணமாகிவிட்டாள். இதை எங்கே எழுதினாலும் பல்லிடுக்கில் கல் மாதிரி நிற்கிறது. ஆகவே இங்கேயே வைத்துவிடுகிறேன்.)

4

அதற்கப்புறம் ஐந்து வருடம் நான் முட்டைச் செய்திகளைப் படித்த மாதிரி யாரும் படித்திருக்கமாட்டார்கள். கெடுதல் என்று வந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. அப்படியொன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். மறு மாதம் இன்னொருவன் வந்து அதெல்லாம் தப்பு என்பான். ஒரே வழக்கில் ஒருவனைச் சிறையில் போட்டு, விட்டு, மறுபடி போட்டால் எப்படி இருக்கும்? அந்த அலுப்பு எனக்கு.

சிதம்பரநாதனுக்கு இதெல்லாம் தெரியாது.

"இந்த வாரம் முட்டை நல்லதா கெட்டதாய்யா?"

"கெட்டது சார்."

"போன தடவையும் கெட்டதுதானே போட்டோம்? நல்லதா ஒண்ணு வந்தா எடுத்து வையும். வாசகர் பாவம், எத்தனை நாள்தான் பயப்படுவார்?"

அந்த நல்லதுதான் ஜூனில் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: "தினம் ஒரு முட்டை" என்ற இடத்தில், "ஒரு" என்ற சொல்லை நான் வேகமாகத் தாண்டிப் போனேன். கோதண்டபாணி தின்றது மூன்று.

5

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். மனசாட்சி, பெருமூச்சு, முற்றும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கயல் வந்து நின்றாள். கல்யாணமாகி, ஐந்து மாதக் கர்ப்பம். கண்ணெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"சார், ரத்தம் ஏழுதான் கீதாம். ஆஸ்பத்திரில ரொம்ப பயங்காட்றாங்க. மாத்தர போட்டா வாந்தியா வருது. தெனம் ஒரு முட்டையாவது துன்னுன்னு டாக்டரம்மா சொல்லிச்சு. அம்மா அத வூட்டுக்குள்ளயே வுடமாட்டேங்குது. நான் வாங்கியாந்தத எட்து ஆத்துல வீசிச்சு சார். 'உங்க அப்பன கொன்னது பத்தாதா'ன்னு அழுவுது. நீங்க புக்குல எழுதறவரு. நீங்க வந்து சொன்னா கேக்கும்."

நான் கோமளத்தைப் பார்த்தேன். அவள் கயலின் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்கோன்னா," என்றாள். "இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நமக்கு அடுக்காது."

6

ரத்னாவின் தலை நரைத்திருந்தது.

"இன்னா சார், வூடு தேடி வந்துகீறீங்க. மாமி நல்லாகீதா?"

நல்லா இருக்கா என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. ஜூன் துணுக்கை, அச்சான பக்கத்தை, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். "ஒரு" என்ற சொல்லையும் விடாமல் படித்தேன், கயலுக்கு வேண்டியது ஒன்றுதானே என்று. கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்ப நான் கொல்லலியா சார்?"

"நீ கொல்லலைம்மா."

இதைச் சொல்ல எனக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. இதையாவது ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்து சொல்லியிருக்கலாம். கால் எழவில்லை.

கயல் அடுத்த நிமிடமே பக்கத்துக் கடையிலிருந்து அவித்த முட்டை ஒன்றை வாங்கிவந்து வாசற்படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். ரத்னா தடுக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை அவள் குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப உங்க வூட்ல ஏன் சார் அன்னிக்கு மஞ்சள மட்டும் வாணாம்னீங்க?"

7

என்னிடம் மூன்று பதில் இருக்கிறது.

டாக்டர் வெள்ளை மட்டும்தான் சொன்னார் என்பது ஒன்று. மாமிக்கு அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது இன்னொன்று. கெடுதல் என்று தெரிந்திருந்தது, "எமன்" என்று எழுதியதே நான்தான், எழுதிக்கொண்டே அதை உங்கள் வீட்டில் தின்னவிட்டேன் என்பது மூன்றாவது. மூன்றும் உண்மை.

மூன்றாவதைச் சொன்னால் நான் ஒருவேளை மனுஷனாவேன். ஆனால் அவள் உடனே கேட்பாள்: அன்னிக்கு எழுதனதும் நீதான், இன்னிக்கு எழுதனதும் நீதான், எதை சார் நம்பறது? கயலின் கையிலிருக்கும் முட்டை ஆற்றுக்குப் போகும். முதல் இரண்டைச் சொன்னால் முட்டை வயிற்றுக்குப் போகும், நான் பழையபடி பேசாமலிருந்தவனாகவே வீடு திரும்புவேன்.

"ரத்னா, அன்னிக்கு நான்..."

இதற்குமேல் எழுத வரவில்லை. ஐந்தாறு விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் எனக்குச் சாதகமாகவே வந்து நிற்கிறது. அதனால்தான் உங்களிடம் விடுகிறேன், எனக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். கயல் உரித்து முடித்துவிட்டாள். இன்னும் கடிக்கவில்லை. அவளும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.